விந்தில் அணுவே இல்லையா? விதையிலிருந்து விந்தணு எடுக்கும் சத்திரசிகிச்சை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் பிள்ளையில்லாத தம்பதி என்றால் முதலில் பெண்ணுக்குத்தான் எல்லாச் சோதனையும் நடக்கும். ஸ்கேன், ஹோர்மோன், குழாய்ச் சோதனை என்று வருஷக்கணக்கில் ஓடிய பிறகு, ஒருநாள் கணவனின் விந்தைச் சோதிப்பார்கள். 'விந்தணு எதுவும் காணப்படவில்லை' என்று ரிப்போட் வரும். அந்த ரிப்போட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்கள் கேட்கும் கேள்விகள் இவை.

விந்தணு பூச்சியம் என்று வந்திருக்கிறது. இனிப் பிள்ளையே கிடைக்காதா?

அப்படி இன்னும் சொல்ல முடியாது. வெளியே வரும் விந்தில் அணு இல்லை என்பதைத்தான் ரிப்போட் சொல்கிறது. விதைக்குள்ளும் இல்லை என்று அது சொல்லவில்லை. இந்த நிலைக்கு அசூஸ்பெர்மியா என்று பெயர். நூறு ஆண்களில் ஏறத்தாழ ஒருவருக்கு இருக்கிறது. குழந்தையின்மைக்காக வரும் ஆண்களை மட்டும் எடுத்தால் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பேர். இவர்களில் கணிசமானவர்களின் விதைக்குள் விந்தணு உண்டு. அதை ஊசியாலோ சத்திரசிகிச்சையாலோ எடுத்துப் பிள்ளை பெற வழியும் உண்டு.

ஒரு ரிப்போட் போதாதா? திரும்பவும் கொடுக்கச் சொல்கிறார்களே?

போதாது. காய்ச்சல், ஏதாவது மருந்து, மாதிரியின் ஒரு பகுதி கீழே கொட்டுப்பட்டது, லேப்பின் அவசரம் என்று எதனாலும் ஒரு ரிப்போட் பிழைக்கலாம். குறைந்தது இரண்டு மாதிரி, சில வார இடைவெளியில் கொடுக்க வேண்டும். இரண்டு முதல் ஏழு நாள் உறவு இல்லாமல் இருந்துவிட்டுக் கொடுங்கள். லேப் தரும் போத்தலிலேயே எடுங்கள். சாதாரண ஆணுறை, எண்ணெய், சவர்க்காரம் எதுவும் வேண்டாம்.

முடிந்தால் லேப்பிலேயே கொடுப்பது நல்லது. வீட்டில் எடுத்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்ச் சேர வேண்டும். வாழைச்சேனையில் எடுத்து பஸ்ஸில் மட்டக்களப்புக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் சரிவராது. ஐஸ் பெட்டியும் வேண்டாம், வெயில் படும் சீட்டும் வேண்டாம், உடம்போடு ஒட்டிய சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

லேப்பில் ஒரு கேள்வி கேளுங்கள்: மாதிரியை மையநீக்கியில் சுழற்றி, அடியில் படிந்ததையும் பார்த்தீர்களா? சுழற்றாமல் எழுதிய பூச்சியத்தை நம்பி யாரும் கத்தி எடுக்கக் கூடாது. அடிப்படிவில் நாலைந்து அணு தெரிந்தாலே கதை மாறிவிடும். சத்திரசிகிச்சை இல்லாமலே வேலை முடியலாம்.

உறவில் ஒரு குறையும் இல்லை, விந்தும் வருகிறது. பிறகெப்படி அணு இல்லாமல் போகும்?

வெளியே வரும் திரவத்தில் பெரும்பகுதி விந்துப் பைகளிலும் புரஸ்டேட் சுரப்பியிலும் உண்டாவது. விந்தணுவின் பங்கு கண்ணுக்குத் தெரியாத அளவு. ஆசை, விறைப்பு, தாடி மீசை எல்லாம் டெஸ்டொஸ்டெரோனின் வேலை. அதைச் சுரப்பவை விதையில் இருக்கும் வேறு கலங்கள். ஆண்மைக்கும் இந்த ரிப்போட்டுக்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

'அடைப்பு வகை', 'உற்பத்திக் குறைவு வகை' என்று டொக்டர் சொன்னார். என்ன வித்தியாசம்?

எல்லாமே இந்தக் கேள்வியில்தான் தொங்குகிறது. குளம் நிறையத் தண்ணீர் இருந்தும் வாய்க்கால் தூர்ந்திருந்தால் வயலுக்கு வராது; குளமே வற்றியிருந்தாலும் வராது. வயலில் நின்று பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அடைப்பு என்றால் விதை சரியாக வேலை செய்கிறது, வெளியேறும் குழாயில்தான் தடை. பழைய பால்வினைத் தொற்று, காசநோய், சின்ன வயதில் செய்த ஹேர்னியா ஒப்பரேஷனில் குழாய் வெட்டுப்பட்டது, ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாட்டுச் சத்திரசிகிச்சை ஆகியவை காரணமாகலாம். சிலருக்குப் பிறவியிலேயே இரண்டு பக்கக் குழாயும் இருக்காது. அனுபவமுள்ள டொக்டர் விரலால் தடவிப் பார்த்தே இதைக் கண்டுபிடித்துவிடுவார். இப்படியானவர்களின் விந்து அளவில் குறைவாக, அமிலத்தன்மையோடு இருக்கும்.

உற்பத்திக் குறைவு என்றால் விதையே போதிய அளவு அணு உண்டாக்கவில்லை. விதை இறங்காமல் வயிற்றுக்குள் நின்றது, வாலிப வயதில் கூகைக்கட்டு வந்து விதை வீங்கியது, விதை முறுக்குண்டது, புற்றுநோய்க்கு எடுத்த கீமோ, பரம்பரைக் காரணங்கள் என்று பட்டியல் நீளும். பலருக்குக் காரணமே தெரியவராது.

இடையில் ஒன்று. உங்கள் வீட்டில் ஆண் குழந்தை பிறந்து ஆறு மாதமாகியும் ஒரு பக்க விதை பைக்குள் இறங்கவில்லை என்றால், 'வளர வளர இறங்கும்' என்று பாட்டி சொல்வதைக் கேட்டுக்கொண்டு இருக்காதீர்கள். குடும்பநல மாதுவிடம் சொல்லி சத்திரசிகிச்சை கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். அதேபோல, மஹரகமை புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கீமோவுக்குப் போகும் வாலிபன் முதல் மருந்து ஏறுமுன் விந்தைச் சேமித்து வைப்பது பற்றி டொக்டரிடம் கேட்க வேண்டும்.

எந்த வகை என்று எப்படித் தெரியும்?

முதலில் உடம்புப் பரிசோதனை. விதையின் பருமன், குழாய் தட்டுப்படுகிறதா, நாளங்கள் புடைத்திருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். வெட்கப்பட்டு 'ரிப்போட் மட்டும் பாருங்கள் டொக்டர்' என்றால் பாதி விஷயம் போய்விடும். அப்புறம் இரத்தத்தில் ஹோர்மோன்கள்: விதையை வேலை செய்யத் தூண்ட மூளையிலிருந்து வரும் எஃப்எஸ்எச், எல்எச், கூடவே டெஸ்டொஸ்டெரோன், புரோலக்டின். எஃப்எஸ்எச் கூடி, விதை சிறுத்திருந்தால் உற்பத்திக் குறைவு. எஃப்எஸ்எச்சும் பருமனும் சாதாரணமாக இருந்தால் அடைப்பாக இருக்கலாம். ஆனால் இது முழு உறுதி இல்லை. அணுக்கள் பாதி வளர்ச்சியில் நின்றுவிடும் ஒரு வகையில் எல்லா அளவும் சாதாரணமாகவே காட்டும்.

உற்பத்திக் குறைவு என்றால் இரண்டு மரபணுச் சோதனை கட்டாயம். ஒன்று குரோமோசோம் எண்ணிக்கை. ஓர் எக்ஸ் கூடி 47 ஆக இருப்பது கிளைன்ஃபெல்டர் நிலை. இன்னொன்று வை குரோமோசோமில் துண்டு இழப்பு. இதில் ஏ, பி, சி என்று மூன்று பகுதி பார்ப்பார்கள். ஏ பகுதியோ பி பகுதியோ முழுவதுமே இழக்கப்பட்டிருந்தால் விதையைத் திறந்தாலும் அணு கிடைக்காது, அந்தச் சத்திரசிகிச்சையைச் செய்யவே கூடாது. சி மட்டும் இல்லாவிட்டால் பாதிப் பேருக்காவது கிடைக்கிறது. காசைப் பார்த்து இந்தச் சோதனையைத் தள்ளிப்போடுவார்கள். ஒரு வீண் ஒப்பரேஷனின் செலவோடு ஒப்பிட்டால் இது சின்னக் காசு.

சத்திரசிகிச்சை இல்லாமல் சரியாகக்கூடியவர்கள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். கத்திக்கு முன்னால் இவர்களைப் பிரித்தெடுக்க வேண்டும்.

மூளையிலிருந்து வரும் எஃப்எஸ்எச், எல்எச் இரண்டுமே மிகக் குறைந்திருப்பவர்கள் ஒரு பகுதி. தாடி சரியாக வளராது, சிலருக்கு மணமே தெரியாது. ஆறு மாதம் முதல் ஒன்றிரண்டு வருஷம் வரை ஹோர்மோன் ஊசி போட்டால் பெரும்பாலானவர்களின் விந்தில் அணு வந்துவிடும்.

ஜிம்மில் உடம்பு ஏற்ற ஊசி போட்டவர்கள் இன்னொரு பகுதி. வெளியிலிருந்து டெஸ்டொஸ்டெரோன் ஏறினால் விதை வேலையை நிறுத்திவிடும். ஊசியை நிறுத்தி ஆறு மாதம், ஒரு வருஷம் பொறுத்தால் பலருக்குத் திரும்பி வருகிறது. டொக்டர் கேட்கும்போது மறைக்காதீர்கள். 'உடம்பு பலவீனம்' என்று சொல்லி இதே ஹோர்மோனை எழுதிக் கொடுக்கும் இடங்களும் உண்டு. பிள்ளை வேண்டும் என்பவர் அதைத் தொடவே கூடாது.

சீனி வருத்தம் பல வருஷமாக இருப்பவர்களுக்கு விந்து முன்னால் வராமல் பின்னால் சலப்பைக்குள் போய்விடலாம். உச்சத்துக்குப் பிறகு போகும் சலத்தைச் சோதித்தால் அணு அங்கே இருக்கும். முள்ளந்தண்டில் அடிபட்டு விந்தே வெளியேறாதவர்கள் நம் பகுதியில் யுத்த காலத்துக் காயங்களால் கொஞ்சப் பேர் இருக்கிறார்கள். அதிர்வுக் கருவியாலோ மின்தூண்டலாலோ விந்தை எடுக்க முடியும்.

பெசா, டெசா, மைக்ரோ டெசே: எதை எனக்குச் செய்வார்கள்?

அடைப்பு என்றால் பெசா. விதைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சுருண்ட குழாயில் மெல்லிய ஊசி போட்டு உறிஞ்சுவது. அந்த இடத்தை மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டு அரைமணி அளவில் முடியும். அதில் வராவிட்டால் விதைக்குள்ளேயே ஊசி போட்டு எடுப்பது டெசா. அடைப்பு வகையில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் அணு கிடைக்கும். மெசா என்பதும் அந்தச் சுருள் குழாயைத்தான், ஆனால் நுணுக்குக்காட்டியின் கீழ் திறந்து எடுப்பது. குடும்பக் கட்டுப்பாடு செய்தவர்களுக்குக் குழாயைத் திரும்ப இணைப்பதும் ஒரு வழி.

உற்பத்திக் குறைவு என்றால் மைக்ரோ டெசே. இங்கே குருட்டுத்தனமாக ஊசி போடுவதில் பயன் குறைவு. ஏனென்றால் அணு உண்டாகும் இடம் விதைக்குள் எங்கோ ஒரு மூலையில் மட்டும் இருக்கலாம். நியூயோர்க் கோர்னெல் பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஷ்லெகல் 1990களின் கடைசியில் இந்த முறையை அறிமுகப்படுத்தினார்.

மைக்ரோ டெசேயில் என்னதான் செய்கிறார்கள்?

முழு மயக்கம் கொடுப்பார்கள். விதைப்பையின் நடுக்கோட்டில் சின்ன வெட்டு. விதையை வெளியே எடுத்து, அதன் வெள்ளை உறையை நடுவில் குறுக்காகத் திறப்பார்கள். உள்ளே நூல் நூலாக நெருங்கிக் கிடப்பவைதான் அணு உண்டாகும் நுண்குழாய்கள். பதினைந்து முதல் இருபத்தைந்து மடங்கு பெரிதாக்கும் நுணுக்குக்காட்டியின் கீழ் அவற்றை ஒவ்வொரு வரிசையாக விலக்கிப் பார்ப்பார்கள். வெறுமையானவை மெலிந்து கண்ணாடிபோல் தெரியும். அணு உண்டாகும் குழாய் கொஞ்சம் தடித்து வெண்மையாக இருக்கும். அந்த இடத்தில் மட்டும் அரிசிமணியிலும் சின்னதாக ஒரு துணுக்கைக் கிள்ளி எடுப்பார்கள்.

அந்தத் துணுக்கு அந்த நிமிடமே பக்கத்து ஆய்வுகூடத்துக்குப் போகும். அங்கே கருவியலாளர் ஒரு சின்னத் தட்டில் திரவத்தோடு வைத்து நார்நாராகப் பிரித்து, இன்னொரு நுணுக்குக்காட்டியில் தேடுவார். 'இல்லை' என்று வந்தால் சத்திரசிகிச்சை நிபுணர் இன்னும் ஆழமாகப் போவார், பிறகு மற்றப் பக்கம். 'இருக்கிறது' என்று வந்தால் போதிய அளவு சேர்ந்ததும் நிறுத்திவிடுவார். இரண்டு முதல் நான்கு மணித்தியாலம் எடுக்கும். சத்திரசிகிச்சை அறையில் இருப்பவரின் கை எவ்வளவு முக்கியமோ, அந்தத் தட்டைப் பார்ப்பவரின் கண்ணும் பொறுமையும் அவ்வளவு முக்கியம். போகும் இடத்தில் 'ஒப்பரேஷன் யார் செய்வார்?' என்று எல்லோரும் கேட்பார்கள். 'அணுவை யார் தேடுவார்?' என்றும் கேளுங்கள்.

எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

உற்பத்திக் குறைவு உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு. கிளைன்ஃபெல்டர் உள்ளவர்களுக்கும் அதே அளவுக்குக் கிட்ட. எஃப்எஸ்எச் கூட இருப்பதால் மட்டும் வாய்ப்பு இல்லை என்று கைவிட வேண்டாம். அணு கிடைப்பது வேறு, பிள்ளை கிடைப்பது வேறு. கருக்கட்டல், கரு வளர்ச்சி, கருப்பையில் ஒட்டுதல் என்று ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சம் குறையும். நூறு வீதம் என்று சொல்லும் இடத்தைவிட்டு எழும்பி வந்துவிடுங்கள்.

முதலில் சின்னதாக ஒரு பயோப்சி எடுத்துப் பார்த்துவிட்டு யோசிக்கலாமா?

அணுவைச் சேமிக்கும் வசதி இல்லாத இடத்தில், பார்ப்பதற்காக மட்டும் விதையில் துண்டெடுப்பது எனக்கு உடன்பாடில்லை. ஒரு துண்டில் அணு இல்லாவிட்டால் முழு விதையிலும் இல்லை என்று ஆகாது. அணு இருந்தாலும், அந்தத் துண்டு கலங்களைக் கொன்றுவிடும் ஃபோர்மலின் போத்தலுக்குள் போய்விட்டது, பயன்படாது. திரும்ப ஒரு முறை வெட்ட வேண்டும். விதையைத் திறப்பதென்றால், கிடைப்பதை அங்கேயே உறையவைக்கக்கூடிய இடத்தில் திறக்க வேண்டும். புற்றுநோய்ச் சந்தேகம் இருந்தால் அது வேறு கணக்கு.

எடுத்த அணுவைக் கருப்பைக்குள் ஊசியால் விட்டால் போதாதா?

போதாது. அதற்குக் கோடிக்கணக்கில் நீந்தும் அணு வேண்டும். இங்கே கிடைப்பது சில நூறு, சில வேளை சில அணுக்கள்தான், அவையும் நீந்தப் பழகாதவை. அதனால் இக்சி முறைதான். ஒரு முட்டைக்குள் ஓர் அணுவை நுண்ணூசியால் செலுத்துவது. 1992இல் பெல்ஜியத்தில் இதனால் கருத்தரித்த முதல் செய்தி வெளிவந்தது. அதற்கு முன் இந்தச் சத்திரசிகிச்சைகளால் இவ்வளவு பயன் இருந்ததில்லை.

மனைவிக்கு பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி போட்டு முட்டைகளை வளர்த்து, மயக்கத்தில் எடுப்பார்கள். கோளாறு கணவனுக்கு, ஊசி மனைவிக்கு. இந்த அநியாயத்தை வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது. அவருடைய வயதும் முக்கியம். முப்பத்தைந்து கடந்திருந்தால் 'சிறுபோகம் முடியட்டும், பெரும்போகம் முடியட்டும்' என்று தள்ளாதீர்கள்.

முட்டை எடுக்கும் நாளிலேயே மைக்ரோ டெசே செய்யலாம், அல்லது முதலில் அணுவை எடுத்து திரவ நைதரசனில், மறை 196 பாகையில், வைத்துவிட்டுப் பிறகு மனைவிக்குத் தொடங்கலாம். முதல் வழியில் அணு கிடைக்காவிட்டால் மனைவிக்குப் போட்ட ஊசிச் செலவு வீணாகலாம். இரண்டாவதில், மிகச் சில அணுக்களே கிடைத்தால் உருக்கும்போது அவை தப்பாமல் போகலாம். கொழும்புக்கு ஒவ்வொரு முறையும் கடன்பட்டுப் போகும் குடும்பத்துக்கு இரண்டாவது வழியே பொருத்தம் என்பது என் எண்ணம். ஆனால் உங்கள் நிலையத்தின் கருவியலாளர் சொல்வதற்கு முதலிடம் கொடுங்கள்.

எதை ஊரில் செய்யலாம், எதற்கு வெளியே போக வேண்டும்?

உடம்புப் பரிசோதனை, விந்துச் சோதனை, ஹோர்மோன், ஸ்கேன் போன்ற ஆரம்ப வேலைகளை ஊரிலேயே தொடங்கலாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையோ கல்முனை ஆதார வைத்தியசாலைகளோ உங்களுக்குக் கிட்ட இருந்தால் அங்கேயே கிளினிக்கில் கேளுங்கள். இக்சிக்குப் பெரும்பாலும் கொழும்புத் தனியார் நிலையங்களுக்குத்தான் போகிறார்கள். சென்னைக்குப் போகிறவர்களும் உண்டு. எங்கே போனாலும் கட்டணத்தைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்: சத்திரசிகிச்சை, மயக்கம், ஆய்வுகூடம், உறையவைத்தல், வருஷாந்தச் சேமிப்பு, இக்சி, மனைவியின் ஊசி மருந்து. 'பக்கேஜ்' என்ற ஒரே சொல்லுக்குள் எது இருக்கிறது, எது இல்லை என்பது பிறகுதான் தெரியவரும்.

ஒப்பரேஷன் முடிந்து எப்போது வேலைக்குப் போகலாம்?

அன்றிரவே ரயிலிலோ பஸ்ஸிலோ ஏற வேண்டாம். ஓரிரு நாள் கொழும்பில் தங்குங்கள். ரயில் மட்டக்களப்போடு நின்றுவிடும், அக்கரைப்பற்று, பொத்துவில்காரருக்கு அதற்கப்பால் இன்னும் நீண்ட வழி. முதல் இரண்டு நாள் துணியில் சுற்றிய ஐஸ், விதையைத் தாங்கும் இறுக்கமான ஜட்டி. தளர்ந்த சாரனோடு மட்டும் இருந்தால் வீக்கம் கூடும். மேசை வேலை ஒரு கிழமையில். மோட்டார் சைக்கிள், உழவு மெசின், நெல் மூட்டை, தோணி இழுப்பது எல்லாம் இரண்டு மூன்று கிழமைக்கு வேண்டாம். உறவும் அப்படியே. காய்ச்சல், சீழ், பை வேகமாகப் பெருத்து இறுகுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் கிட்டிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பக்கவிளைவு?

இரத்தக்கட்டு, தொற்று, வலி. சிலருக்கு டெஸ்டொஸ்டெரோன் குறையும். பெரும்பாலும் ஒரு வருஷம், ஒன்றரை வருஷத்தில் பழைய அளவுக்கு வரும். கிளைன்ஃபெல்டர் உள்ளவர்களுக்குக் குறைவு நிரந்தரமாகலாம். சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். இரண்டாவது முறை செய்வதென்றால் ஆறு மாதமாவது இடைவெளி வேண்டும்.

பிள்ளைக்கும் இது வருமா?

வை குரோமோசோமின் சி பகுதி இழப்பு என்றால் ஆண் பிள்ளைக்கு அப்படியே போகும். அவனும் வளர்ந்து இதே கிளினிக்குக்கு வரலாம். மற்றபடி ஆரோக்கியமாக இருப்பான். பிறவியிலேயே குழாய் இல்லாதவர்கள் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற, நுரையீரலைப் பாதிக்கும் பரம்பரை நோயின் மரபணுவைக் காவக்கூடும். அவர்களின் மனைவியையும் சோதிக்க வேண்டும். கூகைக்கட்டு, ஹேர்னியா ஒப்பரேஷன் போன்ற காரணங்கள் பிள்ளைக்குப் போகாது.

மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா?

காத்தான்குடி, சம்மாந்துறைப் பக்கத்திலிருந்து அதிகம் வரும் கேள்வி. சுன்னி அறிஞர்களில் பெரும்பாலானோரின் தீர்ப்பு: நிக்காஹ் நிலைத்திருக்கும்போது கணவனின் அணுவும் மனைவியின் முட்டையும் மட்டும் என்றால் ஆகும், மூன்றாமவரின் அணு ஆகாது. கணவன் மௌத்தாகினாலோ தலாக் ஆனாலோ சேமித்த அணுவைப் பயன்படுத்த முடியாது என்பதும் அவர்களின் நிலைப்பாடு. கொடையாளி அணு என்ற வழி மூடியிருப்பதால் இந்தத் தம்பதிகளுக்கு மைக்ரோ டெசேதான் கடைசி வாசல். அதனால் அதை நல்ல கையில், ஒரே தடவையில் சரியாகச் செய்துகொள்வது இன்னும் முக்கியம். உங்கள் உலமாவிடம் போகும்போது டொக்டர் எழுதித் தந்ததையும் கொண்டு போங்கள்.

மாமி வீட்டில் இருக்கிறோம். என்ன சொல்வது?

நம் பகுதியில் பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அங்கே கூப்பிடுவதுதான் வழக்கம். அதனால் இந்த ரிப்போட் வருபவன் மனைவியின் தாய் தகப்பன், பக்கத்து வளவில் மனைவியின் சகோதரிகள் என்று அவர்களின் நடுவில் இருக்கிறான். மாமாங்கக் கோயிலில் நேர்த்தி வைத்தாயிற்றா என்று தினமும் ஒரு குரல் கேட்கும். எல்லோருக்கும் எல்லாம் சொல்லத் தேவையில்லை. கணவனும் மனைவியும் ஒரே பதிலைப் பேசிவைத்துக்கொண்டால் போதும்: 'இரண்டு பேருக்கும் மருந்து நடக்குது மாமி, கொஞ்சம் காலம் எடுக்கும்.' ஆனால் கணவனின் ரிப்போட்டை மறைக்க, குறை மனைவிக்கு என்று ஊரை நம்பவிடுவது நடக்கிறது. அதைச் செய்யாதீர்கள்.

லேகியம், மூலிகை?

சத்துணவு சாப்பிடுங்கள், புகைப்பதை விடுங்கள். பூச்சியத்தை லேகியம் மாற்றியதற்கு ஆதாரமில்லை. அடைப்பை எந்தக் குளிசையும் திறக்காது. பெயரில்லாத பொடிகளில் ஸ்டீரொயிட் கலந்திருந்தால் நிலைமை மோசமாகலாம்.

அணு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். பிறகு?

எடுத்த திசுவின் பயோப்சி முடிவைக் கேட்டு வாங்குங்கள். அணுக்கலமே இல்லையா, பாதி வளர்ச்சியில் நிற்கிறதா என்பதைப் பார்த்துத்தான் இன்னொரு முறை முயல்வதா என்று முடிவெடுக்க முடியும். சிலர் கொடையாளி அணுவை ஏற்பார்கள், சிலர் ஏற்கமாட்டார்கள். தத்தெடுப்பது நம் நாட்டில் 1941ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி நீதிமன்றம் வழியாக நடப்பது. நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தில் விசாரிக்கலாம். தெரிந்தவர் மூலம் ஆஸ்பத்திரியில் பிள்ளை வாங்கித் தருகிறேன் என்பவர்களிடம் போகாதீர்கள், அது சட்டவிரோதம். இரண்டு பேரும் பிள்ளை இல்லாமலே வாழ்வோம் என்று முடிவெடுத்தால் அதுவும் ஒரு முடிவுதான்.

முதல் தடவை டொக்டரிடம் போகும்போது என்ன கொண்டு போக வேண்டும்?

இரண்டு விந்து ரிப்போட், ஹோர்மோன் ரிப்போட், மனைவியின் ஸ்கேன். சின்ன வயதில் ஹேர்னியாவோ விதை இறக்கும் ஒப்பரேஷனோ செய்திருந்தால் அந்த டயக்னோசிஸ் கார்ட். அது தொலைந்திருந்தால் எந்த ஆஸ்பத்திரி, எந்தப் பக்கம், எத்தனை வயதில் என்று உம்மாவிடமோ அம்மாவிடமோ கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். குடிக்கும் எல்லா மருந்தின் மட்டையும், ஜிம் ஊசி போட்டிருந்தால் அதன் பெயரும். மனைவியும் கூடவே வரட்டும்.